வீ சமன் ஐ ஆர்: பரீட்சைத் தாளுக்கு மட்டும்தானா?

பதிவு கொஞ்சம் நீளம். வீட்டில் கேத்தலும் அயர்னும் பாவிக்கிற எல்லோரும் பொறுமையாகக் கடைசி வரை வாசியுங்கள். பிள்ளைகளுக்கும் வாசித்துக் காட்டுங்கள்.

முதலில் எங்கள் வெட்கத்தைச் சொல்லி விடுகிறோம்.

பாடசாலைப் பரிசளிப்பு விழா அன்று காலை, ஆசிரியர் ஓய்வறையில் ஒரு எக்ஸ்டென்ஷன் வயர். அதில் ஒரு பக்கம் விருந்தினருக்குத் தேநீர் போடக் கேத்தல். இன்னொரு பக்கம் மேசை விரிப்புகளை அயர்ன் பண்ணும் வேலை. வயர் நீளமாக இருக்கிறது, கால் தடுக்கும் என்று அதை அழகாகச் சுருட்டி மேசைக்குக் கீழே வைத்தவர்களும் நாங்கள்தான். அந்த அறையில் விஞ்ஞானம் படிப்பிக்கிற நாங்கள் மூன்று பேர் இருந்தோம்.

கதிரை எடுக்க வந்த தரம் 11 பிள்ளை ஒன்று வாசலிலேயே நின்று மூக்கைச் சுளித்தது. பிறகு நேரே போய்ச் சுவிட்சை நிறுத்திவிட்டுச் சொன்னது: "சேர், வயர் வேகுது. கிட்டப் போகாதீங்க."

மேசையை நகர்த்திப் பார்த்தால், சுருளின் நடுவில் பிளாஸ்டிக் இளகி ஒன்றோடு ஒன்று ஒட்டிப் போயிருந்தது. பக்கத்திலே மேசை விரிப்புத் துணி. இன்னும் பத்து நிமிடம் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே மனம் நடுங்குகிறது. அல்ஹம்துலில்லாஹ், யாருக்கும் எதுவும் ஆகவில்லை.

அந்தப் பிள்ளை தவணைப் பரீட்சையில் விஞ்ஞானத்துக்கு 40 புள்ளியைத் தாண்டியதில்லை. அவனுடைய வாப்பா வயரிங் வேலை செய்பவர். சனி, ஞாயிறில் அவனும் கூடப் போவான். ஓமின் விதியை எழுதச் சொன்னால் தடுமாறுவான். ஆனால் வயர் சுடுவதை மூக்கால் பிடித்தவன் அவன். ஓமின் விதியை வருடா வருடம் கரும்பலகையில் எழுதுகிற நாங்கள் அதே வயருக்கு மேலே தேநீர் குடித்துக் கொண்டிருந்தோம்.

அடுத்த வாரம் எரிந்த வயரை வகுப்புக்குக் கொண்டு போனோம். "இது ஏன் எரிந்தது? கணக்கால் காட்டுங்கள்" என்றோம். கெட்டிக்காரப் பிள்ளைகள் நிறைந்த வகுப்பு. எல்லோருக்கும் 'வீ சமன் ஐ ஆர்' தண்ணீர் பட்ட பாடு. ஒருவரும் கை தூக்கவில்லை. கடைசியில் ஒரு பிள்ளை எழும்பிச் சொன்னது: "சேர், கேள்வியில ஓட்டம் எவ்வளவுண்டு தரல்லையே?"

இந்தப் பதிவை எழுதத் தூண்டியது அந்தப் பதில்தான். பரீட்சைத் தாளில் எப்போதும் இரண்டு எண்கள் தரப்படும், மூன்றாவதைக் காண வேண்டும். வீட்டில் எண்களை யாரும் எடுத்துத் தருவதில்லை. அவற்றைத் தேடி எடுப்பதைத்தான் நாங்கள் படிப்பிக்கத் தவறியிருக்கிறோம்.

அதனால் ஒரு வேலை செய்தோம். அதிபரிடம் அனுமதி கேட்டு, அந்தப் பிள்ளையின் வாப்பாவையே வகுப்புக்கு அழைத்தோம். அவர் முதலில் தயங்கினார். "நான் படிச்சவன் இல்லையே சேர்" என்றார். "அளந்து காட்டினால் போதும்" என்றோம். தன்னுடைய கிளாம்ப் மீற்றரையும் மல்ற்றிமீற்றரையும் எடுத்துக்கொண்டு வந்தார்.

கிளாம்ப் மீற்றர் என்பது வயரை வெட்டாமல், சுற்றிக் கவ்விப் பிடித்து ஓட்டத்தைக் காட்டும் கருவி. எங்களில் ஒருவர் அதை வாங்கிக் கேத்தலின் முழு வயரையும் சேர்த்துக் கவ்வினார். வாசிப்பு பூச்சியம். வகுப்பு சிரித்தது. அவரும் சிரித்துவிட்டு, "போற ஓட்டமும் வாற ஓட்டமும் ஒண்டையொண்டு வெட்டிப் போடும் சேர். ஒரு வயரை மட்டும் பிடிக்கணும்" என்று, தனித்தனியாகப் பிரித்துச் செய்த ஒரு சிறிய இணைப்பைக் காட்டினார். அன்று நாங்களும் மாணவர்கள்தான்.

பிள்ளைகளைத் தள்ளி நிற்க வைத்து அவரே அளந்தார். பிளக் பொயின்றில் 226 வோல்ற்று. கேத்தல் எடுத்த ஓட்டம் 8.5 அம்பியர்.

இப்போது கரும்பலகைக்கு வருவோம். இரண்டே இரண்டு எண்கள். தடை வேண்டுமா? வோல்ற்றை அம்பியரால் வகுக்க வேண்டும். 226 ஐ 8.5 ஆல் வகுத்தால் 26.6 ஓம். வலு வேண்டுமா? இரண்டையும் பெருக்க வேண்டும். 226 ஐ 8.5 ஆல் பெருக்கினால் 1921 வாற்று.

உடனே ஒரு பிள்ளை கேத்தலின் அடியைத் திருப்பிப் பார்த்துச் சொன்னது: "சேர், இதில 2000 வாற்று எண்டுதானே போட்டிருக்கு. கடைக்காரன் ஏமாத்திட்டானா?"

நல்ல கேள்வி. பெயர்த்தட்டில் 2000 என்பதற்குப் பக்கத்திலேயே 230 வோல்ற்று என்றும் இருக்கிறது. கேத்தலுக்குள் இருக்கும் சூடாக்கும் கம்பியின் தடை ஏறக்குறைய மாறாதது. அந்த 26.6 ஓமுக்கு 230 வோல்ற்றுக் கொடுத்தால் எவ்வளவு வலு? வோல்ற்றின் வர்க்கத்தைத் தடையால் வகுக்க வேண்டும். 52900 ஐ 26.6 ஆல் வகுத்தால் 1989 வாற்று வருகிறது. கடைக்காரன் ஏமாற்றவில்லை. எங்கள் பொயின்றில் 4 வோல்ற்றுக் குறைவு, அவ்வளவுதான். மாலையில் எல்லா வீட்டிலும் மின்சாரம் இழுக்கும்போது சில தெருக்களில் 200 வோல்ற்று வரை இறங்கும். அப்போது இதே கேத்தல் 1500 வாற்றுத்தான் எடுக்கும். தண்ணீர் கொதிக்கச் சுணங்குவது கேத்தலின் பிழையல்ல.

பிறகு அயர்னை அளந்தோம். 4.3 அம்பியர். அதாவது சுமார் 53 ஓம், 972 வாற்று. இரண்டும் சேர்ந்தால் 12.8 அம்பியர்.

இப்போது எரிந்த வயருக்கு வருவோம். தோலை உரித்துப் பார்த்தால் உள்ளே இருந்த செம்பு அரைச் சதுர மில்லிமீற்றர் அளவுதான். வெளியே தடித்த பிளாஸ்டிக், உள்ளே தலைமுடி போலச் சில இழைகள். பிரித்தானியத் தர அட்டவணைப்படி இந்தப் பருமனுள்ள நெகிழ்வயருக்கு 3 அம்பியர்தான் எல்லை. 13 அம்பியருக்கு 1.25 சதுர மில்லிமீற்றர் வேண்டும்.

"நாலு மடங்குக்குக் கொஞ்சம் கூட. அதனால் நாலு மடங்குதானே கூடச் சுட்டிருக்கும்?" என்று பெரியவர்கள்கூடக் கேட்கிறார்கள். இல்லை. நாம் எல்லோரும் தவறுகிற இடம் இதுதான். வயரில் வெப்பமாகிற வலு, ஓட்டத்தின் வர்க்கத்தைத் தடையால் பெருக்கினால் வருவது. ஓட்டம் இரண்டு மடங்கானால் சூடு நான்கு மடங்கு. ஓட்டம் நான்கு மடங்கானால் சூடு பதினாறு மடங்கு.

எங்கள் வயர் 5 மீற்றர் நீளம். போகவும் வரவும் சேர்த்துப் பத்து மீற்றர் செம்பு. அதன் தடை சுமார் 0.34 ஓம். கேட்டால் ஒன்றுமே இல்லாத எண். 3 அம்பியர் ஓடினால் அதில் வெப்பமாவது 3 வாற்று. யாருக்கும் தெரியாது. 12.8 அம்பியர் ஓடினால் 56 வாற்று. பழைய 60 வாற்று மின்குமிழைக் கையால் பிடித்துப் பார்த்தவர்களுக்கு அந்தச் சூடு தெரியும். நீட்டி விட்டிருந்தால் ஐந்து மீற்றரிலும் பரவிக் காற்றோடு போயிருக்கும். நாங்கள் அழகாகச் சுருட்டி மேசைக்கு அடியில் வைத்தோம். போக வழியில்லாமல் சூடு சுருளுக்குள்ளேயே தங்கியது.

இனி எல்லோரும் கேட்கிற கேள்வி: "ட்ரிப் சுவிட்ச் இருக்குத்தானே? அது விழாதா?"

எங்கள் பாடசாலையில் இருக்கிறது. விழவில்லை. ஏன் என்று விளங்கிக் கொள்ளுங்கள். ட்ரிப் சுவிட்ச் பார்ப்பது, போன ஓட்டம் முழுதாகத் திரும்பி வருகிறதா அல்லது யாரோ ஒருவரின் உடம்பு வழியாகவோ ஈரச் சுவர் வழியாகவோ நிலத்துக்குக் கசிகிறதா என்பதை. எங்கள் வயரில் கசிவு இல்லை. பிரேக்கர் பார்ப்பது, சுவருக்குள் இருக்கும் வயர் தாங்குவதைவிட ஓட்டம் கூடுகிறதா என்பதை. 12.8 அம்பியர் அதற்குப் பெரிய காரியமே இல்லை. சுவருக்குள் தடித்த வயர், மேசைக்குக் கீழே மெல்லிய வயர். மேசைக்குக் கீழே இருப்பது பிரேக்கருக்குத் தெரியாது. ஆகவே ட்ரிப் சுவிட்சும் வேண்டும், பிரேக்கரும் வேண்டும். அவை இருக்கின்றன என்று கணக்குப் பார்க்காமல் இருக்க முடியாது.

இதைவிடக் கள்ளத்தனமான ஒன்று இருக்கிறது. தளர்ந்து போன பிளக் பொயின்ற். பிளக்கைச் செருகினால் ஆடும், சில நேரம் 'சிர்' என்று சத்தம் வரும். "கொஞ்சம் சரிச்சுப் பிடிச்சா வேலை செய்யும்" என்போம். நம்மில் எத்தனை வீட்டில் இது இல்லை?

அந்த ஆட்டத்தில் அரை ஓம் தடை சேர்ந்துவிட்டது என்று வையுங்கள். கேத்தலின் 26.6 ஓமோடு சேர்த்து 27.1 ஓம். ஓட்டம் 8.5 இலிருந்து 8.3 அம்பியராகிறது. கவனியுங்கள், ஓட்டம் குறைகிறது. எந்தப் பிரேக்கர் இதைக் கண்டுபிடிக்கும்? ஆனால் அந்த ஆடும் புள்ளியில் மட்டும் சுமார் 35 வாற்று வெப்பமாகிறது. றேடியோ திருத்துகிறவர் ஈயம் உருக்கும் சோல்டரிங் அயன் ஏறக்குறைய அவ்வளவு வலுவுள்ளதுதான். அதை எரியவிட்டுச் சுவருக்குள் செருகி வைத்திருக்கிறோம் என்று அர்த்தம். அதே பொயின்றில் 9 வாற்று எல்.ஈ.டீ. மின்குமிழ் போட்டால் அந்த இடத்தில் ஒரு வாற்றின் ஆயிரத்தில் ஒரு பங்குகூட வெப்பமாகாது. அதனால்தான் "லைற்றுக்கு நல்லாத்தானே வேலை செய்யுது" என்று ஏமாந்து போகிறோம்.

"நாங்க இருபது வருசமா இப்படித்தானே பாவிக்கிறம், ஒண்டும் நடக்கல்லையே" என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். பொயின்ற் இருபது வருடத்துக்கு முன் இருந்த பொயின்ற் அல்ல. உள்ளே இருக்கும் பித்தளைத் தகடு ஒவ்வொரு தடவை சூடாகி ஆறும்போதும் அதன் இறுக்கம் கொஞ்சம் குறைகிறது. நம் போன்ற கடற்கரை ஊரில் உப்புக் காற்று வேறு. பச்சை பூத்த தகட்டைக் கழற்றிப் பார்த்தவர்களுக்குத் தெரியும். தடை மெல்ல மெல்லக் கூடிக்கொண்டே போகிறது. இருபது வருடம் ஒன்றும் நடக்காதது, இருபத்தோராவது வருடத்துக்கு உத்தரவாதம் இல்லை. ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைக்கச் சொல்லித் தந்த மார்க்கம் நம்முடையது. ஆடுகிற பிளக்கை அப்படியே விட்டுவிட்டுக் 'கத்ர்' என்று சொல்வது நமக்கு அழகல்ல.

இனி எங்கள் பக்கத்துக்கு வருகிறோம்.

தரம் 10 இல் ஓமின் விதி வருகிறது. தரம் 11 இல் மின்னுபகரணங்களின் வலு வருகிறது. இரண்டுக்கும் இடையில் ஒரு வருடம். பிள்ளை முதலாவதை ஒரு கொப்பியில் எழுதுகிறது, இரண்டாவதை இன்னொரு கொப்பியில் எழுதுகிறது. இரண்டும் ஒரே வயரைப் பற்றியவை என்று சொல்லிக் கொடுக்க எங்களுக்கு நேரமில்லை என்கிறோம். பாடத்திட்டம் முடிக்க வேண்டும், கடந்தகால வினாத்தாள் செய்ய வேண்டும். அம்பியர்மானியும் வோல்ற்றுமானியும் அலுமாரிக்குள் பத்திரமாக இருக்கின்றன. உடைந்தால் யார் பதில் சொல்வது?

இந்த விதியைக் கண்டவரும் எங்களைப் போல ஒரு பாடசாலை ஆசிரியர்தான். ஜேர்மனியின் கேயோர்க் சிமோன் ஓம். 1789 இல் பிறந்தவர். வாப்பா பூட்டுச் செய்யும் தொழிலாளி. மகனுக்கு ஆரம்பத்தில் கணிதம் சொல்லிக் கொடுத்தவரும் அந்தத் தொழிலாளி வாப்பாதான். கொலோன் நகரப் பாடசாலையில் கணிதமும் பௌதிகமும் படிப்பித்தபடியே, அங்கே இருந்த கருவிகளைக் கொண்டு, கம்பியின் நீளத்தை மாற்றி மாற்றி ஓட்டத்தை அளந்தார். 1827 இல் புத்தகமாக வெளியிட்டார். தன் நாட்டில் அதற்குப் பெரிய வரவேற்புக் கிடைக்கவில்லை. 1841 இல் லண்டன் றோயல் சொசைற்றி கொப்ளி பதக்கம் கொடுத்த பிறகுதான் பெயர் பரவலாயிற்று. ஓட்டத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப வெப்பம் கூடும் என்பதை இங்கிலாந்தின் ஜேம்ஸ் ஜூல் வெளியிட்டதும் அதே 1841 இல். இருவரும் அளந்து பார்த்தவர்கள். நாங்களோ அவர்கள் அளந்து கண்டதை மனனம் செய்யச் சொல்கிறோம்.

அளந்து பார்த்தால் புத்தகத்தில் எழுதாத கேள்விகளும் வரும். அன்று ஒரு பிள்ளை 60 வாற்று இழை மின்குமிழின் தடையை மல்ற்றிமீற்றரால் பார்த்தது. கணக்குப்படி 880 ஓம் வர வேண்டும். மீற்றர் அதில் பத்தில் ஒரு பங்குகூடக் காட்டவில்லை. "கணக்குப் பிழையா, மீற்றர் பிழையா?" இரண்டும் சரி. எரியாத இழை குளிர்ந்திருக்கிறது. எரியும்போது இரண்டாயிரம் பாகைக்கு மேல் சூடாகி அதன் தடை பல மடங்கு கூடுகிறது. வெப்பநிலை மாறாதபோது என்று ஓமின் விதியில் ஒரு சொற்றொடர் வருமே, அது வெறுமனே புள்ளிக்காக எழுதும் வரி அல்ல என்று அன்றுதான் அந்த வகுப்புக்கு விளங்கியது. வருடக் கணக்கில் நாங்கள் சொல்லி விளங்காததை ஒரு மின்குமிழ் விளங்கப்படுத்தியது.

இனி எங்கள் வேண்டுகோள்கள்.

வீட்டில் இருப்பவர்களுக்கு: கேத்தல், அயர்ன், ரைஸ் குக்கர், ஹீற்றர் என்று சூடாக்குகிற எந்தப் பொருளையும் நேரே சுவரிலுள்ள 13 அம்பியர் பொயின்றில் போடுங்கள். வழியே இல்லாமல் எக்ஸ்டென்ஷன் பாவித்தால் தடித்த வயராக, ஒரு நேரத்தில் ஒரு சூடாக்கும் பொருள் மட்டும், சுருளை முழுதாக நீட்டி விட்டு. வயரில் போட்டிருக்கும் இலக்கத்தை மட்டும் நம்பி வாங்காதீர்கள். உள்ளே செம்பின் பருமன் என்ன என்று கேட்டு வாங்குங்கள்.

கணக்கு இலேசானது. பெயர்த்தட்டிலுள்ள வாற்றை 230 ஆல் வகுத்தால் அம்பியர். அதுவும் கஷ்டமென்றால், ஆயிரம் வாற்றுக்கு நாலரை அம்பியர் என்று மனதில் வையுங்கள். கூட்டிப் பார்த்துப் பதின்மூன்றைத் தாண்டினால் ஒன்றைக் கழற்றுங்கள்.

பத்து நிமிடம் அயர்ன் பண்ணிய பிறகு சுவிட்சை நிறுத்திவிட்டுப் பிளக்கின் மேற்பகுதியைத் தொட்டுப் பாருங்கள். இளஞ்சூடு பரவாயில்லை. கை வைக்க முடியாத சூடு, மஞ்சளித்த பிளாஸ்டிக், கருகிய வாசம், இவற்றில் ஒன்று இருந்தாலும் அந்தப் பொயின்றை மாற்றும்வரை பாவிக்காதீர்கள். பிரேக்கர் அடிக்கடி விழுகிறது என்று அதைவிடப் பெரிய பிரேக்கர் போடச் சொல்லாதீர்கள். பியூசுக்குப் பதில் தடித்த கம்பி சுற்றாதீர்கள். அது காய்ச்சலுக்கு மருந்து எடுக்காமல் வெப்பமானியை உடைக்கிற வேலை.

பள்ளிவாசல் நிர்வாகிகளுக்கும் கல்யாண வீட்டுக்காரர்களுக்கும்: ஒரு இரவுக்குத்தானே என்று ஒரே பொயின்றிலிருந்து பந்தல் முழுக்க இழுக்காதீர்கள். இழுப்பதற்கு முன் ஒரு துண்டுக் கடதாசியில் வாற்றுகளைக் கூட்டிப் பாருங்கள். தெரியாவிட்டால் உங்கள் வீட்டுத் தரம் 11 பிள்ளையைக் கூப்பிடுங்கள். பிள்ளைக்கும் தெரியாவிட்டால் எங்களிடம் வந்து கேளுங்கள். அந்தக் கேள்வி எங்களுக்கு வர வேண்டிய கேள்விதான்.

பெற்றோருக்கு: அடுத்த பெற்றோர் கூட்டத்தில் எத்தனை 'ஏ' என்று கேட்பதோடு, என் பிள்ளை அம்பியர்மானியைக் கையால் தொட்டிருக்கிறதா என்றும் கேளுங்கள். கேட்டால்தான் அலுமாரி திறக்கும்.

தொழில் பழகுகிற பிள்ளைகளுக்கு: உங்கள் கைக்கும் மூக்கும் தெரிந்ததைக் கணக்காகவும் எழுதப் பழகுங்கள். நாளைக்குக் கட்டாருக்கோ சவூதிக்கோ எலக்ரீசியனாகப் போனாலும், இங்கேயே தொழிற்சான்றிதழ் எடுத்தாலும், அனுபவத்தோடு கணக்கும் தெரிந்தவனுக்கு இருக்கும் மதிப்பு வேறு.

அந்தப் பிள்ளையைப் பற்றிக் கேட்பீர்கள். வாப்பா வகுப்புக்கு வந்து படிப்பித்த அன்று அவன் முன் வாங்கில் இருந்தான். இப்போது கணக்கையும் எழுதிப் பழகுகிறான். அடுத்த தவணையில் புள்ளி எவ்வளவு வரும் என்று எங்களுக்குத் தெரியாது. எரிந்த வயரின் ஒரு துண்டை ஆய்வுகூடச் சுவரில் ஆணியடித்துத் தொங்க விட்டிருக்கிறோம். கீழே 3 அம்பியர், 12.8 அம்பியர் என்று இரண்டு எண்கள் மட்டும் எழுதியிருக்கிறோம். அதை எழுதியவன் அவன்தான்.

இன்றிரவு உங்கள் கேத்தலின் அடியைத் திருப்பிப் பாருங்கள். எத்தனை வாற்று, எத்தனை அம்பியர், எந்த வயரில் போட்டிருக்கிறீர்கள் என்று கொமென்ற்றில் எழுதுங்கள். பிள்ளைகளே கணக்கைச் செய்யட்டும். பிழை வந்தால் திருத்துகிறோம்; எங்கள் பிழையை நீங்களும் திருத்துங்கள்.

வல்ல அல்லாஹ் நம் எல்லோருடைய வீடுகளையும் பாதுகாப்பானாக.